தோள்நாடி மாஸ்டரும் ஆறு டப்பாக்களும்

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் "நான் அந்தப் பக்கமே வரவில்லை" என்று நழுவக்கூடாது. முன்வரிசையில் நான், என் மனைவி, என் மகன், மருமகள், என் மகளின் கணவரான எங்கள் வீட்டு மாப்பிள்ளை. அடுத்த வரிசையில் குடியிருப்புச் சங்கச் செயலாளர், மூன்றாம் மாடிப் பல் டாக்டர், கணக்கு வாத்தியார், வக்கீலம்மா. அவர்களுக்குப் பின்னால் அறுபது எழுபது பேர். எல்லோரும் படித்தவர்கள். லிஃப்ட் பழுதுபார்க்க வந்த மெக்கானிக் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். மேடையில் தோள்நாடி மாஸ்டர்.

மாஸ்டரைக் கேட்காமல் ஒரு மாதமாக எங்கள் கட்டிடத்தில் யாரும் காலைச் சாப்பாட்டில் கை வைப்பதில்லை. அவருடைய வித்தை எளிமையானது. பாலில் போட்டுச் சாப்பிடும் தானியப் பெட்டி ஒன்றை இடக்கையால் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். வலக்கையை நேராக நீட்ட வேண்டும். மாஸ்டர் கண்ணை மூடி, இரண்டு விரலால் அந்தக் கையை அழுத்துவார். கை இறங்கினால் பெட்டிக்குள் குளூட்டன் இருக்கிறது, உடம்பு மறுக்கிறது. கை நின்றால் தானியம் சுத்தம்.

குளூட்டன் என்பது கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் ஒரு புரதம். இது அந்தக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. பயப்படுவதற்கு அது ஒரு தடையாக இல்லை. முடி கொட்டினால் குளூட்டன். பையன் பரீட்சையில் கோட்டை விட்டால் குளூட்டன். செயலாளரின் கார் கிளம்பாததற்குக்கூட அதுவே காரணம் என்று அவர் மனைவி நம்பினார்.

கடையில் விற்கும் எல்லாப் பெட்டிக்கும் எல்லோர் கையும் இறங்கியது. மாஸ்டர் கொண்டுவந்த 'சுத்தசக்தி'க்கு மட்டும் நின்றது. பெட்டியின் மேல் பொன்னிற ஸ்டிக்கர், அதில் மாஸ்டரின் புன்னகை. விலை மற்றவற்றைப்போல் நான்கு மடங்கு. சுத்தத்துக்கு விலை பார்க்கலாமா? இரண்டாவது ஞாயிறு நானும் கையை நீட்டினேன். அதை அடுத்தவர் வாயால் நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒருத்திக்கு இது விளையாட்டல்ல. என் மருமகளுக்கு உண்மையாகவே குளூட்டன் ஆகாது. ரத்தம் எடுத்து, குடலில் துளி சதை எடுத்துப் பார்த்து, டாக்டர் சொன்ன வியாதி. தெரியாமல் கோதுமையோ பார்லியோ உள்ளே போனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். எலும்பும் தோலுமாகக் கிடந்தவள் தேறி வர இரண்டு வருடம் ஆயிற்று.

இவ்வளவு தெரிந்தும் சிக்கல் எப்படி வந்தது? குடும்ப வழக்கத்தால் வந்தது. வீட்டு மாப்பிள்ளை சொன்னதை வெளியாள் முன்னால் நாங்கள் மறுக்க மாட்டோம். கொட்டும் மழையில் நின்று அவர் வெயில் அடிக்கிறது என்றால் குடும்பமே குடையை மடக்கும். மாஸ்டரை இந்தக் கட்டிடத்துக்கு அழைத்து வந்ததே எங்கள் மாப்பிள்ளைதான்.

அன்று அவர் மேடையேறி மைக்கைப் பிடித்தார். "டாக்டருங்க கைவிட்ட கேஸ் எங்க வீட்டுலயே இருக்கு! இன்னிக்கு உங்க எல்லார் முன்னாலயும் எங்க வீட்டுப் பொண்ணு சுத்தசக்தி சாப்பிட்டுக் காட்டும்!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. பால் ஊற்றிய கிண்ணம் மருமகள் மடிக்கு வந்தது. அவள் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. கூடவே வந்த சுத்தசக்திப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, நான் இதைச் சாப்பிட மாட்டேன்" என்றாள் மெல்ல.

என் மனைவி அவள் முழங்கையை இடித்தாள். "ஒரே ஒரு ஸ்பூன் வாயில போட்டுக்கோம்மா. மாப்பிள்ளை முகம் சுண்டிப் போயிடும்."

"அவர் முகம் சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும் அத்தை. என் குடல் சரியாக ஆறு மாசம் ஆகும்."

என் மகன் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தான். மூன்றுதான். திரும்பத் திரும்ப எண்ணினான்.

நான் யோசித்தேன். மாப்பிள்ளை சொன்னதை மறுக்கக்கூடாது என்பதுதான் வழக்கம். மாஸ்டர் சொன்னதைச் சோதிக்கக்கூடாது என்று வழக்கத்தில் எங்கும் இல்லை. எழுந்து நின்றேன்.

"மாஸ்டர், என் மருமக ஒரு சின்னச் சோதனை கேக்குறா. நீங்க அதுல ஜெயிச்சா கிண்ணத்தைக் காலி பண்ணிடுவா."

"பத்துச் சோதனை வையுங்க ஐயா!" என்றார் மாஸ்டர்.

மருமகள் கிண்ணத்தை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். மருந்துக் கிடங்கில் வேலை பார்ப்பவள். பெட்டியின் மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றா என்று பார்ப்பதே அவள் பிழைப்பு.

"பெட்டியை டப்பாக்குள்ள மறைச்சு வெச்சா உங்களுக்குத் தெரியுமா மாஸ்டர்?"

"இரும்புப் பெட்டிக்குள்ள பூட்டி வெச்சாலும் உடம்புக்குத் தெரியும்மா. உடம்பு பொய் சொல்லாது."

"நல்லாக் கேட்டுக்கோங்க எல்லாரும்" என்றாள் கூட்டத்திடம். "எங்க கிடங்குல ஒரு முறை உண்டு. போட்டவங்க சோதிக்க மாட்டாங்க. சோதிக்கிறவங்க போட்டதைப் பார்த்திருக்க மாட்டாங்க. மெக்கானிக் அண்ணே, கொஞ்சம் உதவி பண்றீங்களா?"

சங்கத்துச் சமையலறையில் ஒரே மாதிரியான ஆறு எவர்சில்வர் டப்பாக்கள் இருந்தன. மூன்றில் சுத்தசக்தி, இரண்டில் மாஸ்டர் தள்ளிவைத்த கோதுமைச் செதில், ஆறாவதில் மெக்கானிக்கின் இஷ்டம். அவர் தனியாக உள்ளே போய் நிரப்பி, மூடி, எண் எழுதி ஒட்டி அனுப்பிவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டார். எதில் எது என்று அவருக்கு மட்டுமே தெரியும்.

"என் கையையே பாருங்க!" என்று மாப்பிள்ளை ஓடிப்போய் நின்றார். முதல் டப்பாவை அணைத்தார். மாஸ்டர் அழுத்தினார். கை தொப்பென்று இறங்கியது.

"கோதுமை! அப்பப்பா, என்ன கோதுமை!"

"வாசனையே அடிக்குதே" என்றார் பல் டாக்டர், ஐந்தாவது நாற்காலியிலிருந்து.

இரண்டாவதற்குக் கை நின்றது. "சுத்தம்!" மூன்று, நான்கு, ஐந்து எல்லாம் விஷம். ஆறாவதற்குக் கை விறைத்துக் கம்பி போல் நின்றது. மாஸ்டர் கண்ணில் நீர் துளிர்த்தது.

"இதுதாங்க பரிசுத்தம்! தினமும் இதுல ஒரு கைப்பிடி சாப்பிட்டா நூறு வயசு உறுதி!"

மறுபடி கைதட்டல். வக்கீலம்மா, "எனக்கு ரெண்டு பெட்டி" என்று கையைத் தூக்கிவிட்டார்.

மருமகள் மெக்கானிக்கை அழைத்தாள். அவர் ஒவ்வொன்றாகத் திறந்தார். மாஸ்டர் விஷம் என்று துப்பியவற்றில் மூன்று சுத்தசக்தி. சுத்தம் என்று கொண்டாடிய இரண்டாவது டப்பா கோதுமை. நான்காவது மட்டும் சொன்னபடியே கோதுமை. ஆறில் ஒன்று! நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தால்கூட இரண்டு மூன்று தேறியிருக்கும்.

"அந்த ஆறாவது?" என்று வக்கீலம்மா கழுத்தை நீட்டினார்.

"லிஃப்ட் கியர் துடைச்ச பஞ்சுங்க" என்றார் மெக்கானிக். "நூறு வயசு வேணும்னா இன்னும் அரை மூட்டை கிடக்கு, எடுத்துக்குங்க."

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. கூடம் முழுவதும் குலுங்கியது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "கூட்டத்துல நம்பிக்கை இல்லாதவங்க இருக்காங்க. அலை கலைஞ்சு போச்சு!"

"அலை எங்கயும் கலையலை" என்றாள் மருமகள். "கை இறங்கணும்னா மணிக்கட்டுல அழுத்துறீங்க. நிக்கணும்னா முழங்கைகிட்ட அழுத்துறீங்க. யாரு வேணும்னாலும் செஞ்சு பார்க்கலாம்."

எழுபது பேரும் பக்கத்தில் இருந்தவர் கையை அழுத்தினார்கள். இறங்கியது. நின்றது. இறங்கியது. புருஷன் கையை மனைவி இறக்கினாள். வாத்தியார் துள்ளி எழுந்தார். "நெம்புகோல்! இதை நான் இருபது வருஷமா எட்டாம் கிளாசுக்கு நடத்துறேன்!" பிறகு தன் காலடியில் இருந்த நான்கு சுத்தசக்திப் பெட்டிகளைப் பார்த்தார். சத்தமில்லாமல் உட்கார்ந்தார்.

மருமகள் விடவில்லை. "ஸ்டிக்கர் மேல இருந்தா எங்க கிடங்குல முதல்ல உரிச்சுப் பார்ப்போம்" என்று நகத்தால் மாஸ்டரின் புன்னகையை உரித்தாள். அடியில் பொடி எழுத்து. அதை உரக்கப் படித்தாள்: "சோளம், சர்க்கரை, உப்பு, பார்லி மால்ட் சாறு." கீழே இன்னும் பொடியாக, 'பார்லி கலந்தது' என்று ஒரு எச்சரிக்கை. மூலைக்கடையில் கால் விலைக்குக் கிடைக்கும் சாதாரணச் சோளச் செதில்தான் அது. பார்லியில் குளூட்டன் உண்டு; டப்பாவில் இருந்தபோது இதை விஷம் என்றாரே, அந்த உண்மையைக்கூட மாஸ்டர் தெரியாமல்தான் சொல்லியிருந்தார். மருமகள் அந்த ஒரு ஸ்பூனை வாயில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் மனைவிக்கு அப்போதுதான் உறைத்தது. கிண்ணத்தை மருமகளிடமிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. வழக்கம் வழக்கம்தான். அவர் என் மனைவி கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக் கைகழுவும் தொட்டியில் கொட்டினார். திரும்பி வந்து மருமகள் முன் நின்றார்.

"நான் பேசினது எல்லாம் முட்டாள்தனம்மா. என்னை மன்னிச்சிடு."

"விடுங்கண்ணா. அடுத்த தடவை பஞ்சைத் தின்னச் சொல்றதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

வழக்கம் மீறப்படவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். மாப்பிள்ளை சொன்னதை மறுத்தவர் மாப்பிள்ளை.

இதற்குள் மாஸ்டர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார். தரைக்கு அடியில் வண்டி நிறுத்தும் இடத்தில் நின்ற தன் காரைப் பிடிக்க லிஃப்டுக்குள் பாய்ந்தார். இரண்டு விரலால் பொத்தானை அழுத்தினார். லிஃப்டின் உடம்பு மறுத்தது. செயலாளரும் வாத்தியாரும் லிஃப்ட் வாசலை மறித்து நின்று, எல்லோர் பணத்தையும் திருப்பி வாங்கிய பிறகே அவரைப் படிக்கட்டுப் பக்கம் விட்டார்கள்.

இந்த அளவோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் மூன்று நாளாக எங்கள் வீட்டு வாசலில் வரிசை நிற்கிறது. ஆளுக்கொரு தானியப் பெட்டியோடு நிற்கிறார்கள். மாஸ்டரின் சக்தி அன்று மேடையில் என் மருமகளுக்குள் இறங்கிவிட்டதாம். அவள் பெட்டியைத் தொட்டாலே குளூட்டன் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுகிறாளாம். ஐந்தாம் மாடியில் கிளம்பிய பேச்சு. வரிசையில் முதல் ஆளாக வக்கீலம்மா நிற்கிறார்.

அது பொய். என் மருமகளுக்கு எந்தச் சக்தியும் கிடையாது. பெட்டியின் பின்பக்கம் எழுதியிருப்பதை அவள் படிக்கிறாள். உங்களுக்கும் படிக்கத் தெரியும்.