பட்டதாரி இல்லை என்பதற்கு ஆதாரம்

“அப்பா படிப்பு?” என்று விண்ணப்பத்தைப் பதிந்துகொண்டிருந்த ஷர்மின் கேட்டாள்.

இ-சேவை மையத்தில் வரிசை நீண்டிருந்தது. ஒச்சாண்டி குனிந்து, கணினியிடம் ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்.

“பன்னெண்டாவது.”

ஷர்மினுக்கு மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை.

“என்னண்ணே, கடை போர்டுல பி.ஏ.ன்னு போட்டிருக்கீக?”

வரிசையில் நின்ற ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒச்சாண்டியின் மகள் அனுசுயா தரையைப் பார்த்தாள். கூட்டத்தில் பேச அவளுக்கு வராது. ஆனாலும் முணுமுணுத்தாள்.

“பிசிக்ஸுக்கு இந்த சர்டிபிகேட்டே வேண்டாம்ப்பா.”

“நீ எஞ்சினியரிங்தான் போற. எழுதும்மா, பன்னெண்டாவது.”

அவள் கேட்டது பி.எஸ்சி. இயற்பியல். அவர் சொன்னது பொறியியல். காரணம் ஒன்றுதான். குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகிற பிள்ளைக்குக் கட்டணச் சலுகை உண்டு. பொறியியல் கலந்தாய்வில் போனால் அது கிடைக்கும், பி.எஸ்சி.க்குக் கிடைக்காது. சலுகை இல்லாத படிப்பு என்ன படிப்பு என்பது ஒச்சாண்டியின் கட்சி. சலுகைக்காகப் பிடிக்காததை நாலு வருடம் படிக்க முடியாது என்பது அனுசுயாவின் கட்சி.

நடுவில் அந்த பி.ஏ. வந்து நின்றது.

ஒச்சாண்டி மூன்று வருடம் வரலாறு படித்தவர். கடைசியில் ஆங்கிலத் தாளில் பெயில் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்தார். அன்றைக்கே கேரளா பஸ் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர், கல்லூரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பிறகு சின்னமனூரில் சொட்டுநீர்க் குழாய்க் கடை போட்டபோது, “பேருக்குப் பின்னாடி என்ன போட?” என்று போர்டு எழுதுகிறவர் கேட்டார். ஒரே ஒரு தாளுக்காக இரண்டு எழுத்தை விட ஒச்சாண்டிக்கு மனசு வரவில்லை.

மூன்றாம் நாள் வி.ஏ.ஓ. விசாரணைக்கு வந்தார். கடை வாசலில் நின்று போர்டை நிமிர்ந்து பார்த்தார்.

“அது பொய் சார்,” என்றார் ஒச்சாண்டி.

“எது? போர்டா, மனுவா?”

“போர்டு.”

“உங்க தங்கச்சி வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையிலயும் இருந்துச்சே. தாய்மாமன் ஒச்சாண்டி பி.ஏ. அதைப் பாத்துத்தான் நான் உங்களை சார்னு கூப்பிட ஆரம்பிச்சேன்.”

அவர் போனதும் ஒச்சாண்டி ஏணி வைத்து ஏறி, பி.ஏ. மேல் பச்சைப் பெயின்ட் அடித்தார். மறுநாள் காலையில் வாழைக்காய் வியாபாரி ராக்கையா ஓடி வந்தார்.

“என்ன மச்சான், பட்டத்தைப் புடுங்கிட்டாகளாமே? என்ன கேசு?”

“கேசெல்லாம் ஒண்ணும் இல்ல.”

“மறைக்காத. கோம்பையில நமக்கு வேண்டிய வக்கீல் ஒருத்தர் இருக்காரு.”

மத்தியானத்துக்குள் ஏழு பேர் ஆறுதல் சொல்ல வந்துவிட்டார்கள். எட்டாவது ஆள் நிஜமாகவே குழாய் வாங்க வந்தவர். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினார்.

வி.ஏ.ஓ. போனில் சொன்னார். “பெயின்டுக்கு உள்ள பி.ஏ. தெரியுது. நீங்க பட்டதாரி இல்லைனு ஊர்ல ரெண்டு பேரு எழுதிக் குடுக்கட்டும்.”

சிக்கல் என்னவென்றால், வாழை விவசாயிகள் சங்கத்துக்கு ஒச்சாண்டி செயலாளர் ஆனதே பட்டதாரி என்பதால்தான். வேறு வழியில்லாமல் ராக்கையாவிடம் உண்மையைச் சொல்லிப் பேனாவை நீட்டினார்.

“எந்தப் பாடத்துல பெயிலு?”

“இங்கிலீசு.”

“கலெக்டருக்கு அம்புட்டு மனுவையும் இங்கிலீசுல எழுதுனது நீதான?”

“நாந்தான்.”

“அதான் ஒண்ணுக்கும் பதில் வரல!”

சாயங்காலமே சங்கம் கூடி வேறு செயலாளரைப் போட்டது. சாட்சிக் கையெழுத்து மட்டும் ஒருவரும் போடவில்லை. “ஏமாந்தோம்னு நாங்களே எழுதிக் குடுக்கணுமாக்கும்?” என்றார்கள்.

இரவு ஜோதிலட்சுமி கணவனுக்குச் சோறு போட்டபடி சொன்னாள். “போர்டும் போச்சு, பதவியும் போச்சு. புள்ள கேட்டதைக் குடுத்திருந்தா ரெண்டும் இருந்திருக்கும்.”

“இம்புட்டு தூரம் வந்தாச்சு. இனி விடமாட்டேன்.”

அனுசுயா தட்டைத் தள்ளிவைத்தாள்.

“நானும் விடமாட்டேன். கலந்தாய்வுல ஒரு காலேஜையும் தொட மாட்டேன்.”

“தொட வைப்பேன்.”

“சர்டிபிகேட் வரலைனா?”

“வரலைனா நீ கேட்ட பிசிக்ஸு. போதுமா? ஆனா வரும்.”

“அம்மா, கேட்டுக்கிட்டீகள்ல?”

“கேட்டேன்,” என்றாள் ஜோதிலட்சுமி.

சாட்சி கிடைக்காவிட்டால், படித்த கல்லூரியிலேயே ‘தேர்ச்சி பெறவில்லை’ என்று ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார் வி.ஏ.ஓ. திங்கட்கிழமை அப்பாவும் மகளும் ஒரே பஸ்ஸில், வேறு வேறு சீட்டில் போனார்கள்.

கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர் சோணையம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“பாஸானதுக்குக் கடிதம் கேப்பாக. நீங்க என்ன சார், பெயிலானதுக்குக் கேக்குறீக?”

“அவசரம்மா. புள்ள படிப்பு.”

“புள்ளைக்கு அவசரம் இல்லை,” என்றாள் அனுசுயா. “புள்ள பிசிக்ஸ் படிக்கப் போகுது.”

அறிமுகமில்லாதவர் முன்னால் அவள் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. இந்த முறை அவள் தலைகூடக் குனியவில்லை.

சோணையம்மாள் பழைய பதிவேட்டைத் தூசி தட்டிப் பிரித்தார். விரல் ஒவ்வொரு பெயராக இறங்கியது.

“ஒச்சாண்டி. வரலாறு. இங்கிலீசு... பெயில்.”

இத்தனை வருடம் ஒளித்துவைத்த வார்த்தையை ஒச்சாண்டி பரீட்சையில் முதலிடம் வந்தவர்போலக் கேட்டார்.

“பாத்தியா ஆத்தா! பெயில்! நல்லா கொட்டை எழுத்துல எழுதிக் குடுங்கம்மா.”

அனுசுயா கலந்தாய்வில் எந்தக் கல்லூரியையும் தொடக்கூடாது என்று மனதுக்குள் இன்னொரு முறை சொல்லிக்கொண்டாள்.

சோணையம்மாள் பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு எழுந்துபோய் பீரோவைத் திறந்து, பழுப்பேறிய உறை ஒன்றை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார்.

“அப்படி எழுதித் தர முடியாது சார், அந்தப் பேப்பர்ல ஒரு கேள்வியே தப்புனு அடுத்த மாசமே எல்லாருக்கும் பத்து மார்க் போட்டாக, உங்க பி.ஏ. சர்டிபிகேட் இருபத்தாறு வருசமா வாங்க ஆளில்லாம இங்கனதான் கெடக்கு.”