வியாழக்கிழமைக்கு வாழ்க்கைப்பட்ட முள்ளம்பன்றி

ஒரு காட்டில் ஒரே ஒரு எக்கோ மெஷின் இருந்தது. நெஞ்சுக்குள் இதயம் எப்படி ஓடுகிறது என்று திரையில் காட்டும் மெஷின் அது. காட்டிலோ பல்லாயிரம் இதயங்கள். யானைக்கு ஒன்று, எலிக்கு ஒன்று என்று படைத்தவன் வாரி வழங்கியிருந்தான். மெஷின் வாங்கிய அரசாங்கத்துக்கு அவ்வளவு தாராளம் இல்லை.

அந்தக் காட்டில் தணிகாசலம் என்று ஒரு முள்ளம்பன்றி. வயது ஏறியும் கல்யாணம் ஆகாதது. பெண் கொடுக்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். முதுகைப் பார்த்ததும் நடையைக் கட்டுவார்கள். ஒரு மாதமாக அதற்கு நெஞ்சில் வலி. நாலடி வைத்தால் மூச்சு வாங்கும். படுத்தால் அடைக்கும். உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தது.

திங்கட்கிழமை அது அரசு மருத்துவமனைக்குப் போனது. அங்கே டாக்டர் மரங்கொத்தி. நெஞ்சில் நாலு தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்டது.

"வால்வுல கோளாறு மாதிரி தெரியுது. எக்கோ எடுத்தாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும். இந்த வாரமே எடுத்தாகணும்."

சீட்டில் 'அவசரம்' என்று எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டுக் கொடுத்தது. தணிகாசலம் அந்த இரண்டு கோட்டையும் நம்பிக் கவுண்டருக்குப் போனது. கவுண்டரில் ஒற்றைக்காலில் ஒரு கொக்கு நின்றிருந்தது.

"ஒன்பது வருஷம் கழிச்சு, ஆடி மாசம் பதினேழாம் தேதி, காலையில எட்டு மணிக்கு வாங்க" என்றது கொக்கு.

"அவசரம்னு போட்டிருக்கே, சார்?"

"அதனாலதான் ஒன்பது. சாதாரணம்னா பதினெட்டு."

"அதுவரைக்கும் நான் உசிரோட இருக்கணுமே?"

"இல்லேன்னா முன்கூட்டியே வந்து ரத்து பண்ணிடுங்க. இன்னொருத்தருக்கு உதவும்."

கொக்கைக் குறை சொல்லக் கூடாது. தணிகாசலம் கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியதைப் பார்த்ததும் அதன் குரல் தாழ்ந்தது.

"ஒரு வழி இருக்கு. தேதியை வெளியாளுக்குக் கொடுக்கக் கூடாது. குடும்பத்துக்குள்ள மாத்திக்கலாம். வர்ற வியாழக்கிழமை உடும்பு வீட்டுத் தேதி. அந்த வீட்டுல எல்லாரும் திடமா இருக்காங்க. பொண்ணு ஒண்ணு கல்யாணத்துக்கு நிக்குது."

அந்தக் காட்டில் முட்டை இட்ட அன்றே ஓடிப்போய் எக்கோவுக்குப் பெயர் பதிவார்கள். முட்டைக்குள் இருப்பதற்கு இதயம் முளைத்ததா என்று யாரும் கேட்பதில்லை. உடும்பு வீட்டுத் தாத்தாவும் அப்படிக் காத்திருந்துதான் போன வருஷம் நெஞ்சைப் பிடித்தபடி செத்துப்போனது. தேதி மட்டும் மிஞ்சியது. உடும்பு பிடித்ததை விடுமா? ஒரு வருஷமாகக் குடும்பமே அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை பெண் பார்க்கப் போனது தணிகாசலம். கறையான் பஜ்ஜி வைத்தார்கள். பெண்ணின் அப்பா அருணகிரி ஜாதகம் கேட்கவில்லை. மரங்கொத்தியின் சீட்டை வாங்கிப் படித்தது.

"ஏற்கெனவே ரெண்டு வரன் வந்திருக்கு. குரங்கு வீட்டுப் பையன். புளியந்தோப்பு இருக்கு. ஆனா அவனுக்கு வாய்வுதான். வாய்வுக்கு எக்கோ எடுத்தாத் தாத்தா ஆத்மா சாந்தியடையுமா? அடுத்தது முயல். அதுக்கு வலியே இல்ல, சும்மா தெரிஞ்சுக்கணுமாம்."

தூணுக்குப் பின்னால் நின்ற பெண் செங்கமலம் வெளியே வந்தது. "அப்பா, நான் அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று முள்ளம்பன்றிப் பக்கம் திரும்பியது. "நெசமாவே வலிக்குதா?"

"படுத்தா அடைக்குது. உக்காந்தேதான் தூங்கறேன்."

செங்கமலத்தின் கண் கலங்கிவிட்டது. "தாத்தாவும் கடைசியில அப்படித்தான் தூங்கினாரு" என்றது. "எனக்குச் சம்மதம்."

"முள்ளு குத்துமேடி?" என்றது அருணகிரி.

"உடும்புத் தோலுக்கு அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். தணிகாசலம் ஒரே ஒரு உண்மையைச் சொல்லிக் காரியத்தை முடித்துவிட்டது. கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிர், இவ்வளவு அவசரம் ஆகுமா என்று உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். மாப்பிள்ளை அறுவடைவரை தாங்காது என்று அருணகிரி அவர்கள் வாயை அடைத்தது.

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது. புதன்கிழமையே கல்யாணம். முதல் முடிச்சு போட்டுவிட்டுத் தணிகாசலம் மூச்சு வாங்கியது. இரண்டாவது முடிச்சுக்குப் பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டது. மேளம் நின்றது. மூன்றாவது முடிச்சு விழுவதற்குள் மாப்பிள்ளை போய்விட்டால் தேதி எந்த வீட்டைச் சேரும் என்று பந்தலில் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். செங்கமலம் குனிந்து, "மெதுவாப் போடுங்க. நான் எங்கயும் போகல" என்றது. மூன்றாவது முடிச்சும் விழுந்தது.

வியாழக்கிழமை எக்கோ எடுத்தார்கள். வயிற்றுப் பக்கம் முள் இல்லாததால் மெஷினுக்குச் சேதமில்லை. மரங்கொத்தி திரையைப் பார்த்துத் தலையைத் தொங்கப் போட்டது.

"வால்வை மாத்தியே ஆகணும். ஒரு வாரம் தாங்கும். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல."

இருவரும் கொக்கிடம் ஓடினார்கள். அதாவது செங்கமலம் ஓடியது. தணிகாசலம் பின்னால் வந்து சேர்ந்தது.

"பதினாலு வருஷம் ஆகும்" என்றது கொக்கு.

"இப்பத்தானே வரிசையில வந்தோம்?"

"அது எக்கோ வரிசைம்மா. ஆபரேஷன் வரிசை வேற."

செங்கமலம் அழவில்லை. "ஒரு வாரத்துக்குள்ள வர்ற தேதி யார் வீட்டுல இருக்கு?" என்று கேட்டது.

கொக்கு நோட்டைப் புரட்டியது. "செவ்வாய்க்கிழமை கரடி வீடு. நல்ல ஆரோக்கியம். தங்கச்சி ஒருத்தி இருக்கா, புருஷனை இழந்தவ. ஆனா ஒரு நேரத்துல ஒருத்தருக்கு ஒரு குடும்பம்தான். சட்டம் ரொம்பக் கண்டிப்பு."

செங்கமலம் அங்கேயே கழுத்திலிருந்து தாலியைக் கழற்றியது. வரிசையில் நின்ற பெண்டுகள் எல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"அடிப்பாவி! புருஷன் உசிரோட இருக்கும்போதே தாலியக் கழட்டறியே!"

"உசிரோட இருக்கணும்னுதான் கழட்டறேன்" என்றது செங்கமலம்.

கரடியின் தங்கை ரொம்ப யோசிக்கவில்லை. "ஒரு வாரத்துக்குன்னா சரி. அதுக்கு மேல இந்த முள்ளோட என்னால குடித்தனம் பண்ண முடியாது" என்றது. கரடிக் கழுத்துக்குக் கயிறு எட்டவில்லை. செங்கமலமே உட்கார்ந்து மஞ்சள் கயிறு திரித்து நீட்டிக் கொடுத்தது. திங்கட்கிழமை கல்யாணம், செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்.

தணிகாசலம் பிழைத்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகக் கால் நீட்டிப் படுத்துத் தூங்கியது. வீட்டுக்குப் போகலாம் என்றதும் கரடியிடமிருந்து தாலியைத் திரும்ப வாங்கிக்கொண்டு நேரே உடும்பு வீட்டுக்கு வந்து நின்றது.

"செங்கமலம், தலையக் குனி."

"இருங்க" என்று செங்கமலம் கையைத் தடுத்தது. "ஆறாவது மாசம் திரும்பவும் எக்கோ எடுக்கணுமாம். அந்தத் தேதி நரி வீட்டுல இருக்கு. நரியோட அத்தைகிட்டப் பேசி முடிச்சுட்டேன். வயசு கொஞ்சம் கூட, பல்லு இல்ல. அனுசரிச்சுக்குங்க."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் வருஷா வருஷம் எடுக்கணும்னு டாக்டர் சொல்றாரு."

தணிகாசலத்தின் புது வால்வு ஒரு துடிப்பை விட்டுவிட்டு அடித்தது. "அப்ப நீயும் நானும் எப்பத்தான் சேர்றது?"

செங்கமலம் மடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டியது. கொக்கின் கையெழுத்து.

"உங்களைத் திரும்பக் கட்டிக்கற வரிசையில என் பேரைப் பதிஞ்சிட்டு வந்திருக்கேன். பதினோரு வருஷம்னு சொன்னாங்க. நீங்க செத்துடாம இருங்க, அது போதும் எனக்கு."

நீதி: தீர்க்க சுமங்கலியாக வாழ விரும்பும் பெண்கள் தாலியைக் கைமாற்றாகக் கொடுத்து வாங்கப் பழக வேண்டும்.