லாவா அன்ரி உள்ளே போன கதை

மெல்பர்ன் தமிழர்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். லாவா அன்ரியோடு எரிமலை பார்க்கப் போனவர்கள் ஒரு வகை. இன்னும் அகப்படாதவர்கள் மற்றொரு வகை. நாங்கள் மெல்பர்ன் ஓரத்து ரோவில்லுக்குக் குடிவந்த காலத்தில் இந்த இரண்டாம் வகையினர் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தார்கள்.

அன்ரி எங்கள் தெருவில்தான் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஆஸ்பத்திரி சமையலறையில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகள் கல்யாணமாகி சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில். அன்ரிக்கென்று இருந்தது எட்டுப் பேர் உட்காரும் ஒரு பழைய வேனும் அடங்காத ஒரு பிடிவாதமும். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், "பேர் என்னத்துக்குத் தம்பி, கூப்பிட்டா வருவன்தானே" என்பார். கூப்பிடாமலும் வருவார்.

யார் வீட்டுக்கு ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்பது அன்ரிக்கு எப்படித் தெரிகிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. விருந்தாளி பெட்டியைத் திறந்து ஊறுகாய் ஒழுகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் மணி அடிக்கும். கையில் சுடச்சுட மட்டன் ரோல்ஸ். முகத்தில் ஒரே கேள்வி.

"எப்ப லாவா பாக்க வெளிக்கிடுறம்?"

விக்டோரியாவின் மேற்குப் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் எரிமலைகள் நெருப்புக் குழம்பைக் கக்கிய பூமி. இப்போது அங்கே ஆடுகள் மேய்கின்றன. அந்த ஆடுகளைத் தாண்டி, புட்ஜ் பிம் என்கிற பழைய எரிமலை வரை வேனை விரட்டிக்கொண்டு போய், லாவா ஓடிய சுரங்கத்துக்குள் ஆட்களை அனுப்பிவிட்டு வருவதுதான் அன்ரியின் வேலை. சம்பளம் கிடையாது. விடுமுறையும் கிடையாது.

சென்னையிலிருந்து புதுமணத் தம்பதி ஒன்று வந்தது. கடலோரச் சாலையில் போய், கடலுக்குள் நிற்கும் பாறைகளுக்கு முன்னால் படம் எடுக்க வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் கனவு. அன்ரி சரி என்று வேனில் ஏற்றிக்கொண்டார். கடலுக்குப் பிரியும் இடம் வந்ததும் வேன் நேராகவே போனது.

"அன்ரி, பீச் அந்தப் பக்கம்" என்றான் பையன்.

"கடல் ஊரிலயும் கிடக்கு. லாவா கிடக்கோ?"

அவர்களுடைய தேனிலவுப் படங்களில் ஒன்றில்கூடக் கடல் இல்லை. எல்லாவற்றிலும் கறுப்புப் பாறை. ஒரு படத்தில் ஒரு வௌவால்.

மெல்பர்னின் மேற்கு ஓரம், டார்னீட்டில் என் நண்பன் வீடு கட்டிப் புதுமனை புகுவிழா வைத்தபோது நடந்தது இன்னும் மோசம். ஐயர் ஹோமம் வளர்த்துக்கொண்டிருந்தார். அன்ரி பின்வரிசையில் நின்று பக்கத்திலிருந்தவரிடம், "இந்த வீடு எதுக்கு மேல நிக்குது தெரியுமோ? லாவாக்கு மேல" என்று தொடங்கினார். பேச்சு ஒவ்வொருவராய்த் தாண்டி ஹோம குண்டம் வரை போனது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார். "பயப்பிடாதேங்கோ, அது எப்பவோ ஆறின லாவா" என்று அன்ரி உரக்க ஆறுதல் சொன்ன பிறகு, பாதிப்பேர் தட்டைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். லாவா தோட்டத்துக்கு அடியிலும்தான் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்த அன்ரியை என் மனைவி இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நானே மூன்று நான்கு தடவை மாட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் குகை வாசலில் அன்ரி வகுப்பு எடுப்பார். "மேல ஓடுற குழம்பு காத்துப் பட்டு ஆறிக் கட்டியாப்போகும். உள்ள ஓடுறது ஆறாது. பால் ஆறினா ஆடை கட்டுறேல்லையோ, அப்பிடித்தான். உள்ளுக்க இருக்கிறது முழுக்க ஓடி முடிய, வெறும் குழாய் மிஞ்சும். அதுதான் இது. போங்கோ, உள்ள கூரையில லாவா சொட்டுச் சொட்டா உறைஞ்சு நிக்கும். நிமிர்ந்து பாருங்கோ." பிறகு எல்லோர் கையிலும் ஆளுக்கொரு டார்ச்சைக் கொடுத்து, பைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாசலிலேயே நின்றுகொள்வார். எங்கள் கைப்பைகளைத் திருடுவதற்கு அந்தக் காட்டில் கங்காருவைத் தவிர வேறு ஆளில்லை என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

என் மாமியார் மதுரையிலிருந்து வந்தபோதுதான் எல்லாம் வெளியே வந்தது.

அத்தை எதையும் நேராகக் கேட்டுவிடுகிறவர். வேனில் ஏறியதும் முதல் கேள்வி: "குகைக்குள்ள சாமி இருக்குதாங்க?"

"இல்லை அக்கா."

"சாமி இல்லாத குகைக்கா இம்புட்டுத் தூரம்?"

அன்ரி வேனைக் கிளப்பினார். வழியில் தென்பட்ட ஒவ்வொரு மேட்டையும் காட்டி, "அதுவும் எரிமலை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அத்தை ஒரு குன்றையும் விடாமல் கும்பிட்டுக்கொண்டு வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று.

போய்ச் சேர்ந்ததும் ஒரு மரத்தில் கோலா ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அத்தை வாயைப் பிளந்து நின்றார். "அது எப்பவும் நித்திரைதான், வாங்கோ" என்று அன்ரி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். குகை வாசலில் வழக்கம்போல் பால், ஆடை, குழாய். அத்தை, மனைவி, நான் மூவரும் டார்ச்சோடு உள்ளே போனோம். கூரையைப் பார்த்தோம். அத்தை கூரைச் சொட்டுகளைப் பற்றி ஏதோ கேட்பதற்காகத் திரும்பினார்.

"எங்க அந்தம்மா?"

"வாசல்ல பை பாத்துக்கிறாங்க அத்தை."

"பையில என்ன தங்கமா இருக்கு? புளியோதரைதானே." அத்தை விறுவிறுவென்று வாசலுக்குத் திரும்பினார். நாங்களும் பின்னால் ஓடினோம்.

அன்ரி வாசலின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். பைகள் கொஞ்ச தூரத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. அத்தை அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"நீங்க உள்ள போனதே இல்லையா?"

மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

"முழுக்கப் போகேல்லை."

"நெசமாவா அன்ரி? சொட்டு, கூரை எல்லாம் சொன்னீங்களே" என்றாள் என் மனைவி.

"உள்ள போய் வந்த ஆக்கள் சொன்னதைத்தான் சொன்னனான்." அன்ரி கம்பியை விடாமலே பேசினார். "ஊரில சண்டைக்குள்ள பங்கருக்கதான், நிலத்துக்க வெட்டின குழிக்கதான் சீவியம். குண்டு விழ விழ ஓடிப்போய் உள்ள விழுறது. ஒருக்கா மண் சரிஞ்சு மூடிப்போட்டுது. இழுத்து எடுத்திட்டினம். இங்க வந்த பிறகும் நிலத்துக்குக் கீழ ரயில்ல நான் போகமாட்டன். ரயில் கீழ போக முதலே ரிச்மண்டில இறங்கி ஆஸ்பத்திரிக்கு நடப்பன். பேந்து ஒருநாள் யோசிச்சன். ஒருத்தரும் துரத்தாமல், நானா விரும்பி, ஒருக்கா உள்ள போகவேணும். அதுக்குத்தான் வாறன். தனிய வரப் பயம். அதுதான் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறது. ஒவ்வொரு முறையும் நீங்க உள்ள போன பிறகு, கொஞ்சம் கொஞ்சமாப் போய்ப் பாப்பன்."

இத்தனை ரோல்ஸும் இத்தனை விருந்தாளிகளும் இதற்காகத்தானா?

அத்தை மட்டும் தடுமாறவில்லை. "சரி. இதுவரை எந்த எடம் வரைக்கும் போயிருக்கீங்க?"

"அந்தா, பாசி பிடிச்ச கல்லு."

"இன்னிக்கு?"

அன்ரி கம்பியை விட்டார். "இண்டைக்கு முடிவுமட்டும்."

போனோம். பாசிக்கல் வரை அன்ரி லாவாவைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டே நடந்தார். அதைத் தாண்டியதும் பேச்சு நின்றது. வெளிச்சம் பின்னால் சிறுத்துக்கொண்டே வந்தது. அன்ரி சட்டென்று திரும்பி, எங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினார்.

வெளியே வந்து பிளாஸ்க்கில் இருந்த தேத்தண்ணியைக் குடித்தார். "இன்னைக்கு இது போதும் அன்ரி. இன்னொரு நாள் வரலாம்" என்றேன்.

"நீர் பேசாமல் டோர்ச்சைப் பிடியும் தம்பி." பிளாஸ்க்கை மூடிவைத்தார். "அக்கா, நீங்க ஏதாவது கதைச்சுக்கொண்டு வாங்கோ. எதெண்டாலும் சரி. நிப்பாட்டாதேங்கோ."

அத்தைக்கு இதைவிட எளிதான வேலையை யாரும் கொடுத்திருக்க முடியாது. அன்ரியின் கையைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மதுரையில் அயிரை மீன் வாங்குவதிலிருந்து ஆரம்பித்தார். அலசுவது, புளி கரைப்பது, மண்சட்டி. பாசிக்கல் வந்தது. போனது.

"தேங்காப்பால் எப்ப விடுறது?" என்றார் அன்ரி.

"தேங்காப்பாலா? மீன் கொழம்புக்கா? பாயாசமா வைக்கிறோம்?"

அன்ரி நின்றுவிட்டார். பயத்தில் இல்லை. "தேங்காப்பால் விடாட்டி அது குழம்பே? ரசம்."

"ஏங்க, மீன் வாசமே போயிருமேங்க."

"மீன் வாசம் போகவேணும் எண்டுதானே விடுறது."

குரல்கள் சுவரில் மோதித் திரும்பி, நாலு பேர் சண்டை போடுவதுபோல் கேட்டன. நானும் மனைவியும் டார்ச்சைக் காட்டிக்கொண்டு பின்னால் போனோம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் விடாமல், கல்லில் தடுக்கி, தாங்கிப் பிடித்து, முதல் பாலா இரண்டாம் பாலா என்கிற இடத்துக்கு வந்தபோது எதிரே பாதை இல்லை. பாறைதான் இருந்தது.

அன்ரி பாதி வாக்கியத்தில் நிறுத்தினார்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சிருச்சு" என்றார் அத்தை.

அன்ரி கையை நீட்டிப் பாறையைத் தொட்டார். முதலில் விரல் நுனி. பிறகு உள்ளங்கை முழுவதும்.

"குளிராக் கிடக்கு" என்றார். "உள்ளுக்க வெக்கையா இருக்கும் எண்டெல்லோ இவ்வளவு காலமும் நினைச்சனான்."

எங்கோ நீர் சொட்டியது. போகலாமா என்று என் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"கொஞ்சம் நிண்டு போட்டுப் போவம். அவசரம் ஒண்டும் இல்லையே."

நின்றோம். அன்ரி நிமிர்ந்து கூரையைப் பார்த்தார், எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்ததுபோலவே. அத்தை சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தது எனக்குக் கேட்டது. நான் டார்ச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

திரும்பும்போது வேனை நான் ஓட்டினேன். பின்சீட்டில் அன்ரியும் அத்தையும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். எந்த மேட்டையும் யாரும் எனக்குக் காட்டவில்லை. வழி முழுக்க என்னவோ போலிருந்தது.

அதற்குப் பிறகு அன்ரி யார் வாசலிலும் மணி அடிக்கவில்லை. வந்த விருந்தாளிகளை நாங்களே கடற்கரைக்கு அழைத்துப்போனோம். மகளுக்குப் பிள்ளை பிறந்ததும் அன்ரி சிட்னிக்கே போய்விட்டார். இனி அமைதியாகப் பேரனைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். போன மாதம் மகள் போனில் அலுத்துக்கொண்டாள். "சிட்னிப் பக்கம் லாவாவே இல்லை எண்டு நிம்மதியா இருந்தனான் அண்ணா. அம்மா கொஞ்சம் தெக்க, கியாமா எண்ட ஊரில கண்டுபிடிச்சிட்டா. கடற்கரை முழுக்க எரிமலைப் பாறையாம். பக்கத்து வீட்டுச் சனம் முழுக்கப் போய் வந்திட்டுது."

வரும் விடுமுறைக்கு நாங்கள் சிட்னி போகிறோம். ஓபரா ஹவுஸ் பார்க்க என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன். டிக்கெட் போட்ட கையோடு அன்ரியைக் கூப்பிட்டு, ஈரப் பாறையில் வழுக்காமல் நடக்க எந்த மாதிரிச் செருப்பு வாங்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.