குறுங்குழல் கொண்டு கொட்டில் காத்த படலம்

வாழி உதயரூபன்! ஊசிமுனையால் உலகளந்த உத்தமன், காற்சட்டைக் கிழிசல்களின் காலன், பொத்தான் இழந்தோரின் புகலிடம், ஆரையம்பதிச் சந்தியில் தையல் மெஷின் என்னும் தேரேறி, நாள்தோறும் கால் ஓயாது மிதித்து, நின்ற இடத்தைவிட்டு அசையாமலே நெடுந்தொலை சென்ற மாவீரன். அவன் புகழ் பாடப் புகுந்தோம். உப்புநீரும் நன்னீரும் கைகோத்துக் கிடக்கும் வாவித்தாயே, எம் நாவில் வந்து அமர்க. மடியில் நண்டு ஏதும் இருந்தால் மட்டும் அதைக் கரையில் இறக்கிவிட்டு வருக.

போர் எதன் பொருட்டு என்பீரேல், மண்ணின் பொருட்டு. நாட்டின் பெரும்போர் ஓய்ந்து, வீதியோரத்து மணல்மூடைகள் ஒவ்வொன்றாய் அகன்றுகொண்டிருந்த மறு ஆண்டில், அந்த வீட்டில் மட்டும் முரசு புதிதாய் முழங்கிற்று. மட்டக்களப்பு வழமைப்படி வீடு பெண்ணுடையது. ஆகவே சுவர் மனைவி கஜானியின் சீதனம், கிணறு கஜானியின் சீதனம், உதயரூபனின் உச்சந்தலையைக் குறிபார்த்து நாளெல்லாம் தொங்கிய தேங்காயும் கஜானியின் சீதனம். அவனுக்கென எஞ்சியது பின்வளவில் தகரமும் கிடுகும் வேய்ந்த ஒரு சிறு கொட்டில். கடை பூட்டிய பின் அங்கே அமர்ந்துதான் அவன் பழைய சாமான்கள் பலவற்றைக் கழற்றுவான். சிலவற்றைத் திரும்பப் பூட்டுவான். அந்தக் கொட்டிலின்மேல் கண்வைத்தாள் மாமியார் ஆச்சிப்பிள்ளை, கோழிப்படைக் கோமகள், கொண்டையிட்ட கொற்றவை.

வெள்ளிக்கிழமைச் சோற்றுவேளையில், சொதியை அள்ளி ஊற்றியவாறே அவள் போரறிவித்தாள்.

“மருமகன், ஒங்கட கொட்டிலுக்குள்ள என்ட கோழிய உட்டா முட்டையாவது கிடைக்கும். நீங்க உள்ளுக்க இருந்து என்ன கிடைச்சது?”

அக்கொட்டிலில் அவன் வளர்க்க முயன்ற வாவிமீன் ஒவ்வொன்றும் ஒரு பொழுதுகூடத் தாங்காமல் வயிறு மேலாய் மிதந்து குழம்புக்குப் போனதை ஊரறியும். உண்ட கையை உயர்த்தி உதயரூபன் சூளுரைத்தான்.

“ஞாயிற்றுக்கிழமை விடிய ஒரு கொடுவா மீன் கொண்டாறன். மத்தியானம் சோறு வைக்கக்குள்ள அது உசிரோட நீந்தும். செத்துதெண்டா கொட்டில் கோழிக்கு. நீந்திச்செண்டா மறுகா கொட்டிலப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கப்படாது.”

“ஓம். நான் புளியக் கரைச்சு வைக்கிறன்” என்றாள் ஆச்சிப்பிள்ளை.

அவனிடம் ஓர் ஆயுதம் இருந்தது. கடல் பொங்கி வடிந்த ஆண்டில் நிவாரணம் ஊர்மேல் மாரியெனப் பொழிந்தபோது, கொடையாளரின் திருக்கரம் சற்றே தடுமாறியதால், வலைஞன் கதிர்காமத்தம்பிக்குத் தையல் மெஷினும் தையற்காரன் உதயரூபனுக்கு மீன்தொட்டி நீர்ப்பம்பியும் கிடைத்தன. மாற்றிக் கொடுக்கலாமே என்பீர்கள். கேட்டுத்தான் பார்த்தார்கள், படம் பிடித்தாயிற்று, இனி மாற்ற இயலாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றுமுதல் கதிர்காமத்தம்பி மெஷின்மேல் வலை உலர்த்தினான். உதயரூபன் பம்பியைப் பெட்டியோடு பாதுகாத்தான்.

ஞாயிறு புலர்ந்தது. வெள்ளிக் கவசம் பூண்டு, வாள்போல் முதுகுமுள் சிலிர்த்து, கதிர்காமத்தம்பியின் வாளிக்குள் எழுந்தருளிற்று கொடுவா. எல்லோரும் காணவேண்டுமென்று முற்றத்து நடுவே வைத்திருந்த நீலப் பிளாஸ்டிக் பீப்பாயான பரலின் வெட்டிய பாதியில், வாவிநீருக்குள் அதை இறக்கும்போது, “மச்சான், இது ரோசமான மீன். மத்தியானம் வரைக்கும் தாங்கும் எண்டு நினைக்காத” என்று வலைஞன் வாழ்த்தினான். ஆறுதலாய்ப் பார்த்துவிட்டுப் போகலாமென்று தோணித் துடுப்போடு அங்கேயே குந்தியும் கொண்டான்.

வெயிலேற மீனுக்கு மூச்சுமுட்டிற்று. நீருக்குள் காற்றைப் புகுத்தவேண்டும்; நிவாரணப் பம்பியோ நீரை மட்டுமே தள்ளும். உதயரூபன் சைக்கிள் பம்பைக் கையிலெடுத்து, குழாயின் வாயை நீரில் அமிழ்த்தி, கொம்புமுறி விளையாட்டில் வடசேரிக் கட்சிக்காரர் வடம் இழுப்பதுபோல் வியர்த்து விறுவிறுத்து அடித்தான். எழுந்தன குமிழிகள், ஒவ்வொன்றும் கோழிமுட்டை பருமன். “இந்தா, மருமகனுக்கும் முட்டை வருது” என்றாள் ஆச்சிப்பிள்ளை. பெருங்குமிழியோ பொறுமையற்றது, கொண்டுவந்த காற்றில் ஒரு கிள்ளும் நீருக்கு ஈயாமல் மேலே பாய்ந்து உடைந்துபோகும் கஞ்சன். சிறுகுமிழியே வள்ளல்; அது வழிதவறி, நின்று, அலைந்து, உள்ளதையெல்லாம் நீருக்கே கொடுத்துத் தானும் கரையும்.

ஆகவே தையற்காரரின் விரற்கவசத்தில் ஊசியால் எண்ணற்ற துளையிட்டு அதைக் குழாய்வாயில் மாட்டினான். துளைதோறும் சிறுகுமிழி பிறந்தது உண்மை. பிறந்த கணமே அவை கலியாண வீட்டில் சந்தித்த ஒன்றுவிட்ட சகோதரிகள்போல் ஒன்றையொன்று கட்டித்தழுவி, மீண்டும் முட்டையாயின. கொடுவா மேலே வந்து வாய்பிளந்தது. அடுப்படியில் அம்மியில் மசாலை அரைபடும் ஓசை கேட்டது.

அவ்வேளை கஜானி பயற்றங்கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். தூரத்துக் கொடிக்கு எட்டவேண்டுமென்று அவள் குழாய்வாயைப் பெருவிரலால் நெரிக்க, நீர் சீறிப் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் காற்றையும் பிடித்து இழுத்து நுரையாய்க் கொட்டிற்று. கண்டான் உதயரூபன். காற்றை ஊதுவதல்ல, நீரின் வேகத்தால் அறுப்பதே வழி! போல்பொயின்ட் பேனையின் கூட்டை வெட்டி, அதன் இடுப்பை மெழுகுதிரிச் சுடரில் இளக்கி நூலால் இறுக்கி நெரித்து, நெரிந்த இடத்தில் மெஷின் ஊசியால் ஒரேயொரு துளையிட்டு, அத்துளைக்குக் காற்று வர ஒரு சைக்கிள் வால்வ் டியூப்பை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டினான். சுண்டுவிரல் அளவே ஆன அந்தக் குறுங்குழலை நிவாரணப் பம்பியின் வாயில் பூட்டி, பம்பியை நீருக்குள் இறக்கி, மின் ஆளியைப் போட்டான்.

நீர் புகைந்தது. குமிழியென்று கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாற்கடல் பரலுக்குள் வந்து குடியேறியதுபோல் எல்லாம் வெண்மையாயிற்று. கரண்டியோடு ஓடிவந்தாள் ஆச்சிப்பிள்ளை.

“ஆருகா தண்ணிக்குள்ள பால ஊத்தின? மீனையும் காணல்ல.”

அங்கேதான் சிக்கிற்று வெற்றி. மீன் தெரியாததால் அது செத்துவிட்டது என்பது அவள் தீர்ப்பு. தெரியவேண்டுமென்று பேச்சில் இல்லை என்பது அவன் வாதம். முள்ளுக்குப் பயந்து கைவிட்டுப் பார்க்க ஒருவரும் துணியவில்லை. அப்போது எழுந்தான் கதிர்காமத்தம்பி. மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பது ஊர் நம்பிக்கை; அதைக் கேட்க அங்கே செய்வதுபோலவே துடுப்பின் அலகை வெண்ணீரில் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்து, கண்மூடி நெடுநேரம் நின்றான்.

“பாடுது” என்றான்.

துடுப்புக் கைமாறிற்று. கேட்ட அனைவருக்கும் வீணை நரம்பில் மயிரிழை உரசினாற்போல் ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்டது. செய்தி வேலிதாண்ட, அயல் முழுவதும் முற்றத்தில் நிரை பிடித்தது. கடைசியில் ஆச்சிப்பிள்ளை கரண்டியைக் கீழே வைத்துத் துடுப்பைக் காதில் வைத்தாள். அவள் முகம் இளகிற்று.

ஊசித்துளையின் சீழ்க்கை அது என்று உதயரூபனுக்குத் தெரியும். வீரன் பொய்யில் வெல்லலாகாது என்று ஆளியை நிறுத்தினான். வெண்மை மெல்ல வடிய, பொலிவோடு நிமிர்ந்து நீந்தியது கொடுவா! பார்த்தவர்களோ, பாட்டை ஏன் நிப்பாட்டினாய் என்று அவன்மீது சீறினார்கள். “மீன் பாடல்ல, குழல்தான் சத்தம் போடுது” என்று அவன் சொன்னது எவர் செவியிலும் ஏறவில்லை.

ஆச்சிப்பிள்ளை கையமர்த்தித் தீர்ப்புரைத்தாள்.

“மருமகன் வெண்டிட்டார். கோழி வேணாம். பாடுற மீன வெயிலுக்குள்ள வைக்க ஒண்ணா, கொட்டிலுக்குள்ள தூக்குங்க. சனம் வந்து குந்தியிருந்து கேக்க வாங்கு ரெண்டு போடுங்க.”

இவ்வாறாக, பெருங்குமிழிப் பகை முடித்து, கோழிப்படை புறங்கண்டு, கொடுவா உயிர் காத்து, குறுங்குழல் வேந்தன் என்று கதிர்காமத்தம்பி துடுப்புயர்த்தி வாழ்த்த, அயலார் ஆர்ப்பரிக்க, கஜானி முந்தானையால் நெற்றி துடைத்துவிட, தான் வென்ற திருநாட்டுக்குள் வலதுகால் வைத்துப் புக நிமிர்ந்து நடந்தான் நம் நாயகன்.

பரலும் வாங்குகளும் போக உள்ளே இடம் இல்லாததால் தன் சாமான்களை எடுத்து வீட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்தான்.