மூலம் சார் கேட்காமல் விட்ட கேள்வி

காரைக்காலில் மூலம் சாரிடம் வாயைக் கொடுத்த யாரும் அன்று நேரத்துக்கு பஸ் பிடித்ததில்லை. எங்கள் அலுவலகத்தின் தலைமை எழுத்தர் அவர். பழக்கதோஷத்தில் யார் எதைச் சொன்னாலும், "இதுக்கு மூலம் என்ன?" என்பார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. விவரம் தெரியாமல் புதிதாக வந்த ஒருவர் அவர் நாற்காலிக்குப் பஞ்சு மெத்தை வாங்கிப் போட்டதும் உண்டு.

"இப்பத்தான் உங்களைப் பத்திப் பேசினோம், நூறு ஆயுசு சார்!" என்றால் போச்சு. "நீங்க பேசுனதுக்கும் என் ஆயுசுக்கும் என்னய்யா சம்பந்தம்?" கோட்டுச்சேரியில் ஒரு துக்க வீட்டில், கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று ஏன் சொல்லக் கூடாது என்று இறந்தவரின் மைத்துனரிடமே விளக்கம் கேட்டார். மைத்துனர் விளக்கவில்லை. சட்டையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

எங்கள் அலுவலகத்திலும் ஒரு வழக்கம் இருந்தது. பழைய பிரெஞ்சுக்காலக் கட்டடம்; பின்னால் நீளமான பதிவேட்டு அறை. சாயங்காலம் அதைப் பூட்டுகிறவர், "சூசை, பூட்டப் போறேன்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டுத்தான் பூட்டுவார். சூசை யார் என்று ஒருவருக்கும் தெரியாது. மூலம் சார் சும்மா இருப்பாரா? பழைய பணியாளர் பட்டியல்களைப் புரட்டினார். அப்படி ஒரு பெயரே இல்லை. காரைக்கால்மேட்டில் இருந்த ஓய்வுபெற்ற பியூனைத் தேடிப்போனார். நானும் கூடப் போனேன்.

"எனக்கு முன்னாடி இருந்தவரு சொன்னாரு, நானும் சொன்னேங்க."

"காரணம் தெரியாம ஏன்யா சொன்னீங்க?"

அவர் யோசித்தார். "சொல்லாமப் பூட்ட மனசு வரலைங்க."

சாருக்கு அது போதவில்லை. பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள் சாவியைத் தானே வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் பூட்டினார். "பார்த்தீங்களா? ஒண்ணும் ஆகலை" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அலுவலகம் திறக்க இனி நாலு நாள்.

நடையைத் தாண்டியிருக்க மாட்டோம். அந்தக் கதவு மூன்று முறை தட்டப்பட்டது. நிதானமாக, உள்ளேயிருந்து.

சார் சாவியை என்னிடம் நீட்டினார். நான்தான் திறந்தேன். கதவருகே யாரும் இல்லை. "யாருங்க?" என்றேன். விளக்கைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசைவரை போனோம். அங்கே, சாய்ந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில், மண்டை உடைந்து மயங்கிக் கிடந்தார் எங்கள் டைப்பிஸ்ட் ஸ்டெல்லா. மூன்றரைக்கே பெர்மிஷனில் வரிச்சிக்குடியில் இருக்கும் தன் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார் என்று நினைத்திருந்தோம்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கண் விழித்தவரிடம், "கதவைத் தட்டுனது நீங்கதானே?" என்று கேட்டேன்.

"இல்லீங்களே. ஸ்டூல் சாஞ்சது மட்டும்தாங்க ஞாபகம் இருக்கு."

மூலம் சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா வீடு திரும்பும்வரை தினமும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து உட்கார்ந்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஓய்வு பெறும்வரை அந்த அறையைப் பூட்டும் வேலையை வேறு யாருக்கும் விட்டுத்தரவும் இல்லை. "சூசை ஐயா, பூட்டப் போறேங்க" என்று சொல்லிவிட்டு, சற்று நேரம் காத்திருந்து பூட்டுவார்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். நூறு ஆயுசு, கண் திருஷ்டி என்று வேண்டுமென்றே பேச்சில் நாலைந்தைத் தூவிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே காப்பியை ஆற்றிக் கொடுத்தார். ஒன்றே ஒன்றுக்காவது மூலம் கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்வதற்கு, வழியெல்லாம் யோசித்து, அவருக்காக நல்லதாக ஒரு பொய் வைத்திருந்தேன்.