பதினாறு பிட் சாமை

திங்கட்கிழமை பதினொன்று காட்டிய திரை, செவ்வாய்க்கிழமை பதினான்கு காட்டியது. மூட்டை அதேதான்.

தீனதயாளன் மானிட்டரின் தலையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பதினான்கு அசையவில்லை.

வெள்ளிமலைச் சிறுதானியக் கொள்முதல் நிலையத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். சாமை மூட்டைக்குள் செருகிய கம்பி, ஈரத்துக்குத் தக்கபடி மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து அனுப்பும். நடுவில் ஒரு கன்வெர்ட்டர் கார்டு அதை ஈரச் சதவீத எண்ணாக்கி, பழைய கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டுக்குள் தள்ளும். சோதனைக்கென்று மூலையில் ஒரு மூட்டை. வெள்ளிக்கிழமை, சாமை வாங்கும் கம்பெனியின் அதிகாரி விஜயலட்சுமி வரும்வரை அளவு நிலையாக நின்றால், மலையிலேயே கொள்முதல். இல்லாவிட்டால் மலைக்காரர்கள் உளுந்தூர்பேட்டைக்கு மூட்டை இறக்க வேண்டும். தீனதயாளன் வடக்கனந்தலில் மச்சான் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போக வேண்டும்.

கள்ளக்குறிச்சியில் எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் பிரவீன்குமாருக்குப் போன் போட்டார்.

“எட்டு பிட் கார்டு அப்படித்தாண்ணே. அளவுகோல்ல மொத்தமே எரநூத்தம்பத்தாறு படி. பன்னெண்டு பிட் போடுங்க, நாலாயிரம் படி. பொடிப்பொடியா அளக்கும்.”

கார்டு மாலை பஸ்ஸில் மலையேறியது. புதன்கிழமை 9.62. முன்பு குத்துமதிப்பாக மாறிய ஈரம், இப்போது புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் சுத்தமாக மாறியது.

அடுத்து வயர் மேல் சந்தேகம். மாற்றினார். பிறகு எர்த் மேல். குழி தோண்டிக் கரியும் உப்பும் கொட்டினார்.

“கம்ப்யூட்டருக்கு ஊறுகா போடுறீங்களா சார்?” என்றாள், நிலையத்தைப் பெருக்கும் செங்கம்மாள். காலையில் கதவைத் திறப்பதும் அவள்தான்.

மூட்டையடியில் சாமை சிதறிக் கிடந்ததைப் பார்த்ததும் தீனதயாளனுக்குப் பொறி தட்டியது. எலி! கம்பியை அசைப்பது அதுதான். வீட்டுக்குப் போகுமுன் எலிப்பொறி வைத்தார்.

வியாழக்கிழமை பொறி விழுந்திருந்தது. எலி இல்லை. திரையில் 13.40.

“இன்னாடா பிரவீனு, கார்டு மாத்த மாத்த ஆட்டம் ஜாஸ்தியாவுது?”

“பதினாறு பிட்டுக்குப் போயிடுங்கண்ணே. அதுக்கு மேல ஆட எடமே இல்ல.”

வெள்ளிக்கிழமை, பதினாறு பிட், 10.213. புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்.

விஜயலட்சுமி ஐந்து நாள் தாளையும் நிதானமாகப் புரட்டினார். ஒரே மூட்டை ஐந்து நாளில் ஐந்து விதமாக நனையுமா என்று கேட்டார். தீனதயாளன் படி, வயர், எர்த் எல்லாம் சொல்லி முடித்தார்.

“இந்த மிஷின நம்பி நான் எப்படிங்க கையெழுத்து போடறது?” என்று அவர் ஃபைலை மூடினார்.

டீ கொண்டுவந்த செங்கம்மாளின் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள்:

“மிஷின ஏம்மா கொற சொல்றீங்க? ஒரே வூட்டு சாமைக்கே கம்பி சொருகிக்கினு இருந்தா மத்தவங்க சும்மா வுடுவாங்களா? தெனம் விடியறப்ப ஒரு வூட்டு சாமைய அந்த மூட்டையில மாத்திக் கொட்டிக்கினுதான் இருக்கோம். இன்னிக்கி எங்க வூட்டு முறை.”