பூஜையில் போய் உட்கார்ந்த அப்டேட்

நடந்தது இதுதான்:

1. சந்தா முடிந்துபோன ஒரு சர்வருக்கு, சந்தா கட்டாமலேயே அப்டேட் போட்டுத் தருகிறேன் என்று நானாகப் போய்ச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

2. சொன்னபடி ஆரம்பித்தேன். நன்றாகவே ஓடியது.

3. ஓடிக்கொண்டிருக்கும்போது குளிக்கப் போனேன்.

4. திரும்பி வந்தபோது, அப்டேட் இருந்த பெண்டிரைவ் சரஸ்வதி படத்துக்கு முன்னால், மூக்கில் சந்தனமும் அதன் மேல் குங்குமமுமாக உட்கார்ந்திருந்தது.

5. அதை மறுநாள் காலை பூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது.

(நான்காவதைப் படித்துச் சிரிப்பவர்கள் பொதுமக்கள். ஐந்தாவதைப் படித்து நெஞ்சைப் பிடித்துக்கொள்பவர்கள் என் தொழில்காரர்கள்.)

சர்வர் கோமதி அத்தையின் கடையில் இருந்தது. சங்கரன்கோவிலில் வீட்டுக்கு ஒரு கோமதியாவது இருப்பார்கள். எங்கள் குடும்பத்தில் மூன்று பேர். இவள் ஜவுளிக்கடை கோமதி. விசைத்தறிச் சேலை, துண்டு, லுங்கி எல்லாம் மொத்த வியாபாரம். புளியங்குடி, ராயகிரி, மேலநீலிதநல்லூர் பக்கத்துச் சின்னக் கடைக்காரர்கள் விஜயதசமியன்று காலையில் வந்து முதல் பில் போட்டுத் தீபாவளிச் சரக்கை எடுத்துப்போவது மாமா காலத்திலிருந்து வழக்கம். அன்று பில் ஓடாவிட்டால் அவர்கள் காத்திருக்கமாட்டார்கள். அடுத்த தெருவிலும் சேலை விற்கிறது.

மாமா இறந்த பிறகு அத்தை தனியாக நடத்தும் முதல் தீபாவளி அது. அத்தையின் கொழுந்தனாரை நாங்கள் சின்ன மாமா என்போம். அவர் குடும்பத்தார் எல்லோரையும் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: விஜயதசமி பில் ஒழுங்காக ஓடினால் கடை மதினியிடமே இருக்கட்டும், ஓடாவிட்டால் கல்லாவில் அவர் உட்காருவார். சின்ன மாமா நல்லவர். கெட்டவராக இருந்திருந்தால் அத்தைக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். நல்லவர் ஒருவர் கல்லாவில் உட்கார்ந்தால் பிறகு எழுப்ப முடியாது.

இந்த நிலையில்தான் பில் மென்பொருள்காரர்கள், புது வரி விதிகளுக்கு ஏற்ற பதிப்பு பழைய இயங்குதளத்தில் ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். கடை சர்வரில் இருந்த இயங்குதளம் காசு கொடுத்து வாங்கும் வகை. அதை மாமா முறையாக வாங்கியிருந்தார். ஆனால் அப்டேட்டுகள் எல்லாம் அதை விற்ற கம்பெனியின் கிடங்கில் இருக்கும். கிடங்குக்குச் சாவிதான் சந்தா. மாமா இருந்தவரை சந்தா இருந்தது. இப்போது அப்டேட் என்று கேட்டால், ‘இந்தக் கணினி பதிவு செய்யப்படவில்லை’ என்று ஒரே வரியில் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நான் அப்போது சென்னையில் மூன்று வருடம் சர்வர் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஊருக்குத் திரும்பியிருந்தேன். எதற்கும் பட்டியல் போடுகிறவள். (கல்யாண வீட்டுக்குப் போனால்கூட யார் யாரிடம் பேசவேண்டும் என்று பட்டியல் உண்டு. சாப்பாடு அதில் முதல் வரி.) மாமாவின் மேஜையில், சந்தா உயிரோடு இருந்த காலத்தில் இறக்கிவைத்த அடுத்த பதிப்பு முழுவதும் ஒரு பெண்டிரைவில் இருந்தது. இதைவிட வேறென்ன வேண்டும்? நாலு வரியில் ஒரு சின்னக் கோப்பு எழுதி, ‘நீ கம்பெனிக் கிடங்குக்குப் போகவேண்டாம், இந்தப் பெண்டிரைவையே கிடங்கு என்று நினைத்துக்கொள்’ என்று சர்வரிடம் சொன்னால், அது மறுபேச்சில்லாமல் நினைத்துக்கொள்ளும். அதை எழுதியவர்கள் மீது எனக்கு இன்றும் மரியாதை. முன்வாசலில் காவல்காரரை நிறுத்திவிட்டு, சாமான் ஏற்கெனவே வீட்டில் இருப்பவர்கள் அதை எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

பட்டியலில் ‘பெண்டிரைவை முதலில் டிஸ்கில் நகலெடு’ என்றும் ஒரு வரி இருந்தது. டிஸ்கில் இடம் போதவில்லை. அந்த வரியை அடித்தேன்.

நாளும் நானே குறித்தேன். ஆயுத பூஜையன்று கடையில் பில் போடமாட்டார்கள், யாரும் சர்வரைத் தொடமாட்டார்கள், எனவே அன்றைக்கு அப்டேட். (வெளியூரில் மூன்று வருடம் இருந்தால் மூளை இப்படித்தான் வேலை செய்யும். இயந்திரம் எதையும் ஓட்டக் கூடாத ஒரே நாளை இயந்திரத்துக்கு வேலை வைக்கத் தேர்ந்தெடுத்தேன்.) போதாததற்குப் பெண்டிரைவைத் தூக்கிக் காட்டி அத்தைக்கு வகுப்பும் எடுத்தேன். “அத்தை, இத சாதாரணமா நெனைக்காதீங்க. சர்வருக்கு இதுதான் பாடப் புஸ்தகம். இதப் படிச்சுத்தான் அது தேறணும்.”

அத்தை கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

எங்கள் தொழிலில் மென்பொருள் பொட்டலம் பொட்டலமாக வரும். திரையில் ஒவ்வொரு பொட்டலமாக ஏறிக்கொண்டிருந்தது. குளிக்காமல் பூஜைக்கு நிற்கக் கூடாது என்று அத்தை விரட்டினாள். வீடு கடைக்கு மேலேயேதான். மாடிக்குப் போய்க் குளித்து, தலை துவட்டி, மனநிறைவோடு இறங்கி வந்தேன்.

கடை கழுவித் துடைத்திருந்தது. மீட்டர் கோல், கத்தரிக்கோல், தராசு, தையல் மிஷின், பில் பிரிண்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு. சர்வருக்கும் நெற்றியில் மூன்று விரல் சந்தனம். சுவிட்சை அணைத்ததில் அதன் விளக்கு அணைந்திருந்தது. பின்பக்கம் பெண்டிரைவ் இருந்த இடம் காலியாக இருந்தது. மற்றதை நான்காவது வரியில் சொல்லிவிட்டேன்.

“அத்தை, அத ஏன் எடுத்தீங்க?”

“நீதானட்டி சொன்ன, பாடப் புஸ்தகம்னு. புஸ்தகத்த இன்னைக்கி பூஜைல வைக்காம வேற என்னைக்கி வைக்க?”

“அது ஓடிக்கிட்டு இருந்துச்சு.”

“இன்னைக்கி எதுவும் ஓடப்பிடாது. தராசு ஓடுதா? தையல் மிஷினு ஓடுதா?”

எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வைத்ததை எடுக்கக் கூடாது, நாளைக் காலையில் மணியடித்துத்தான் எடுக்க வேண்டும் என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதுபோலச் சொன்னாள். நகல் ஒன்று என் லேப்டாப்பில் இருந்தது. அம்மாவுக்குப் போன் செய்தேன். லேப்டாப் எங்கள் வீட்டுப் பூஜையில், தம்பியின் கணக்குப் புத்தகத்துக்கு அடியில் இருந்தது. பூஜையில் வைத்த அன்றைக்குத்தான் உனக்குப் படிப்பு ஞாபகம் வருமா என்று அம்மா கேட்டாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஆயுத பூஜைக்குப் புத்தகங்களை முதல் ஆளாகக் கொண்டுபோய் வைத்தவள் நான்.

அடுப்படியில் அத்தை சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். பாதியில் பிடுங்கியதால் சர்வரில் பாதி புதுசு, பாதி பழசாக நிற்கிறது, நாளைக் காலையில் பில் ஓடாமலே போகலாம் என்று உடைத்துச் சொன்னேன். அழவில்லை. (மூக்கு மட்டும் ஒழுகியது.) அத்தை கரண்டியை நிறுத்தவில்லை.

“புஸ்தகம் கைக்கு வந்ததுல இருந்து எம்புட்டு நேரம் வேணும்?”

“ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும் அத்தை.”

“ஓடிருமா?”

“தெரியல.”

அத்தை அடுப்பை அணைத்தாள். “தெரியலன்னு சொன்ன பாரு, அது போதும். ஓடிரும்னு சொல்லிருந்தாத்தான் பயந்திருப்பேன்.”

சின்ன மாமா பூஜைக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன மருமவளே, பேயறைஞ்ச மாதிரி இருக்க?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, “அவ சர்வருக்கு பரீட்சை வச்சிருக்கா. நாளைக்கி ரிசல்ட்டு” என்று சொல்லி அவர் கையில் சுண்டலைக் கொடுத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு மணியடித்து, சூடம் காட்டி, அத்தை முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டுப் பெண்டிரைவைக் கையில் கொடுத்தாள். குடும்பத்தின் மற்ற பிள்ளைகள் புத்தகத்தை எடுத்து ஒரு வரி படித்தார்கள். நான் சர்வரின் சுவிட்சைப் போட்டு, அதன் பின்னால் மண்டியிட்டேன். செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. சந்தனம் பெண்டிரைவின் மூக்குக்குள் காய்ந்து இறுகிப்போயிருந்தது. ஊக்கால் சுரண்டி, பூஜையிலிருந்து வந்த ஒரு அழிரப்பரால் தேய்த்து மறுபடி செருகினேன். அதன் சின்ன விளக்கு மினுக்கியது. படித்த படிப்புக்கு அன்றுதான் முதன்முதலாகச் சாமி கும்பிட்டேன்.

திரையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து மட்டும் வந்தது. பில் மென்பொருள் எழுந்திருக்கவே இல்லை. வெளியே சாக்கும் கயிறுமாகக் கடைக்காரர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். முதல் பில் எப்போதும் புளியங்குடி அண்ணாச்சி ஒருவருக்குத்தான். அவர் கல்லாவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சின்ன மாமா வெள்ளைச் சட்டையில் வந்து, சர்வர் இருந்த பின்னறையில் எட்டிப்பார்த்து, கறுப்புத் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கல்லாவுக்குப் போனார். பையிலிருந்து கையால் எழுதும் பில் புத்தகம் ஒன்றை எடுத்தார். தயாராகத்தான் வந்திருக்கிறார்.

“மதினி, கம்ப்யூட்டரு ஓடல போல. ஆளுகளக் காக்க வைக்க வேண்டாம். நான் கையால போட்டு அனுப்புதேன். கல்லாச் சாவியக் குடுங்க.”

கதவு வழியாக எனக்கு அத்தையின் முதுகு தெரிந்தது. அவள் கை இடுப்பிலிருந்த சாவிக்குப் போகவில்லை. சுவரில் தொங்கிய நாள்காட்டியை ஒருமுறை பார்த்தாள்.

“தம்பி, இன்னைக்கி என்ன கெழம?”

“சனி.”

“மணி என்ன?”

சின்ன மாமா கடிகாரத்தைப் பார்த்தார். “ஒம்பது தாண்டிட்டு.”

“ராகு காலத்துல மொத பில்லு போடுதீயளா?”

இதன் கனம் புரிய, சின்ன மாமாவைத் தெரிந்திருக்க வேண்டும். ராகு காலத்தில் அவர் சவரம்கூடச் செய்துகொள்ளமாட்டார். தன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் ராகு காலம் முடியும் முன்பே வந்துவிட்டார்கள் என்பதற்காக, அவர்களை வேனைவிட்டு இறங்கவிடாமல் உள்ளேயே வைத்துக் குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்தவர். அவர் பில் புத்தகத்தை மூடினார். புளியங்குடி அண்ணாச்சி, “அதானே, பத்தரைக்கு மேலயே போடுவோம்” என்று காலை நீட்டிக்கொண்டார். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. அடுத்த தெருக் கடைக்குப் போனாலும் அங்கேயும் ராகு காலம்தான்.

வாடிக்கையாளர்களிடம் ஒன்றரை மணி நேரம் சர்வர் நிற்கும் என்று அனுமதி வாங்க, எங்கள் கம்பெனியில் கடிதம் மேல் கடிதம் போடுவோம், கூட்டம் நடத்துவோம், மன்னிப்பும் கேட்போம். அத்தை ஒரே கேள்வியில் வாங்கிவிட்டாள். அதோடு நிற்கவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் காபியும் சுண்டலும் வந்தன. பிறகு புது டிசைன் சேலைக் கட்டுகள் பிரிந்தன. பொழுது போகாதவர்கள் தொட்டுப் பார்த்தார்கள். தொட்டதை ஒதுக்கி வைத்தார்கள்.

உள்ளே நான் அதே நேரத்தில் இன்னொரு அதிசயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்டிரைவை யாரோ பிடுங்கியதையும், சுவிட்சை அணைத்ததையும் பொருட்படுத்தாமல், அந்தச் சர்வர் எந்தப் பொட்டலம் வரை ஏற்றினேன், எதைத் தொடவில்லை என்று தன் குறிப்பில் வைத்திருந்தது. பாதியில் நின்றதை முடி என்று சொல்ல ஒரு கட்டளை இருக்கிறது. அதை அடித்தேன். பழசும் புதுசுமாக இரட்டையாக நின்றவற்றில் பழசைக் கழித்து, விட்ட இடத்திலிருந்து பொட்டலம் பொட்டலமாக ஏற்ற ஆரம்பித்தது. என்னிடம் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. இப்படி ஒரு பொறுமை எனக்கு வாய்த்திருந்தால் நான் முந்தின நாள் குளிக்காமலே உட்கார்ந்திருப்பேன்.

கடைசிப் பொட்டலம் ஏறி, சர்வரை நிறுத்தி மறுபடி எழுப்பி, புதுப் பில் மென்பொருளை ஏற்றி, பிரிண்டரில் தாளை மாட்டியபோது வெளியே சின்ன மாமா, “ராகு காலம் முடிஞ்சிட்டு” என்று அறிவித்தார். அத்தை பின்னறைப் பக்கம் திரும்பினாள். நான் தலையை ஆட்டினேன்.

பிரிண்டர் கரகரவென்று சத்தம் போட்டது. முதல் பில்லைக் கிழித்தது சின்ன மாமாதான். மேலிருந்து கீழ்வரை படித்தார். கூட்டிச் சரிபார்த்தார். புளியங்குடி அண்ணாச்சி கையில் கொடுத்தார். பிறகு தன் பில் புத்தகத்தைப் பைக்குள் வைத்து, “மதினி, நல்ல நேரத்துல போட்டிய” என்றார். சாவி இருந்த இடத்திலேயே இருந்தது.

கூட்டம் வடிந்த பிறகு அத்தை என்னிடம் சந்தாவைப் பற்றிக் கேட்டாள்.

“காசு கட்டியிருந்தா பாதில நின்னுருக்காதாட்டி?”

“நின்னுருக்கும் அத்தை, நீங்க புடுங்கினா.”

“அப்ப எதுக்குக் கட்டணும்?”

சந்தா எதற்கு என்பதற்கு என்னிடம் ஆறு காரணங்கள் பட்டியலாக இருந்தன. அத்தை இரண்டாவதிலேயே சாப்பிடப் போய்விட்டாள்.

எங்கள் குடும்பத்தில் இப்போது யார் எதற்குத் தாமதமாக வந்தாலும் காரணம் கேட்பதில்லை. “அப்டேட் ஓடுதாக்கும்” என்பார்கள். சித்தப்பா மகனுக்குப் பெண் அமையாமல் தள்ளிப்போனபோதுகூட அப்படித்தான் சொன்னார்கள். என்னைக் காட்டித்தான் சொன்னார்கள்.

இன்றைய நிலவரம்: கடையை அத்தை நடத்துகிறாள். சர்வரை அதே இயங்குதளத்தின் இலவச வடிவத்துக்கு மாற்றிவிட்டேன், கிடங்குக்குச் சாவி தேவையில்லை. அப்டேட் எல்லாம் ராகு காலத்தில்தான் போடுகிறோம்; அந்த நேரத்தில் யாரும் பில் கேட்பதில்லை. நேரத்தைக் குறித்துக் கொடுப்பது சின்ன மாமா. அடுத்தது வருகிற சனிக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரை வரை.